விமானத்துக்கு எந்தக் கார்டு

அளவையைக் கவிழ்த்து, எண்ணெய் முழுதும் புனல் வழியாகக் கேனுக்குள் இறங்கிய பிறகும் அவர் கையை எடுக்க மாட்டார். விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு நிற்கும். விழலாமா வேண்டாமா என்று அது யோசிக்கும். அவரும் அதோடு சேர்ந்து யோசிப்பார். அது விழுந்ததும் இன்னொன்று திரளும். பின்னால் நாற்பது பேர் வெயிலில் நிற்பார்கள்.

“யக்கா, சொட்டுக்கு ஒரு நிமிஷம்னா நாங்க பொங்கலுக்குத்தான் வீடு போய்ச் சேருவோம்.”

“இது இவங்க கார்டுல உள்ள சொட்டு. உங்க கார்டு வர்றப்ப உங்க சொட்டுக்கும் இதே மாதிரி நிப்பேன். அது வரைக்கும் பேசாம இருங்க.”

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரின் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றியவர் அவர். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் ஊரில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. எல்லாருக்கும் அவர் புனலக்கா. சோழநாட்டுக்குப் புனல் நாடு என்று ஒரு பேர் உண்டு. காவிரித் தண்ணீரை நினைத்து வைத்தது. எங்கள் காலத்தில் அந்தப் புனல் என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் புனல் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்துவிடும்.

மண்ணெண்ணெயை எங்கள் பக்கம் கிருஷ்ணாயில் என்றுதான் சொல்வோம். கெரசின் ஆயில் என்று யாரோ சொல்லப்போக, காதில் விழுந்தது கிருஷ்ணர். அதில் மதபேதம் கிடையாது. வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிற குடும்பம் புனலக்காவினுடையது. கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் கிருஷ்ணாயில். கணவர் அதே கடையில் எடை போட்டவர். அவர் மாரடைப்பில் போனதும் வேலை இவருக்கு வந்தது. கூடவே ஒரு மகளும், எங்கள் வாய்க்காலின் கடைசியில் மூன்று மா நிலமும். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். வாய்க்காலின் கடைசி என்றால், எல்லாரும் குளித்த பிறகு வாளியில் மிச்சம் இருந்தால் உங்களுக்கு.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் வந்தால் ஜோக் அடிப்பேன். ஜோக் அடித்து முடித்ததும் பயம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். இந்த வியாதியோடுதான் வளைகுடா நாடு ஒன்றுக்கு வேலைக்குப் போனேன்.

அப்போது ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. தெருவுக்கு நாலு பேர் போனார்கள். கயிறு கட்டிய பெட்டியோடு ஒருவன் போவான்; அவனை ஏற்றிவிட வேன் பிடித்துப் பதினைந்து பேர் திருச்சி விமான நிலையம் வரை போய், கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதுவிட்டு, வரும் வழியில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவார்கள். என்னை வழியனுப்பியபோதும் அப்படித்தான். நான்தான் அதிகம் அழுதேன். பாசத்தால் இல்லை. அந்த இரும்பு எப்படி மேலே நிற்கும் என்று யாருமே எனக்கு விளக்கவில்லை.

முதல் விடுமுறையில் வந்தபோது வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். எண்ணெய் வாங்க இல்லை. வரிசையில் நிற்கிறவர்கள் ஷூவைப் பார்க்க வேண்டும் என்று.

“என்ன தம்பி, அங்க என்ன வேலை?” என்றார் புனலக்கா, சொட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“உங்க வேலைதான் அக்கா. கிருஷ்ணாயில் ஊத்துறேன்.”

வரிசை சிரித்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“நெசமாத்தான் அக்கா. விமானத்துக்கு எண்ணெய் ஏத்துற வண்டியில வேலை. பேர்தான் வேற வெச்சிருக்கான், உள்ள இருக்கிறது நம்ம கிருஷ்ணாயில்தான். மொத நாள் குழாயை மாட்டினதும் நம்ம கடை வாசனை. வீட்டு ஞாபகம் வந்து கண்ணு கலங்கிடுச்சு.”

“நீலமா இருக்குமா?”

“இல்லக்கா. தண்ணி மாதிரி இருக்கும்.”

அவர் முகம் சுருங்கியது. ரேஷன் எண்ணெய்க்கு நீலச் சாயம் கலந்துதான் அனுப்புவார்கள். கள்ளத்தனமாக வெளியே போனால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்று. நீலம் இல்லாத கிருஷ்ணாயில் என்றால் அவரைப் பொறுத்தவரை திருட்டு எண்ணெய்.

“எத்தனை லிட்டர் புடிக்கும்?”

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். “நம்ம கடையில அத்தனை கார்டுக்கும் வருஷம் முழுக்க ஊத்துறீங்கள்ல, அதைப் பெரிய விமானம் ஒரே மூச்சுல குடிச்சிடும். குடிச்சிட்டுக் கிளம்பும். அடுத்தது வந்து வாயைத் திறந்துகிட்டு நிக்கும்.”

புனலக்கா அளவையைக் கீழே வைத்தார். ஒருவருடைய கேன் பாதி நிரம்பியிருக்கும்போது அவர் அளவையைக் கீழே வைத்து அன்றுதான் பார்த்தேன்.

“யாரு கார்டுல?”

“என்னக்கா?”

“அவ்வளவு எண்ணெய் எறக்குறீங்களே. எந்தக் கார்டுல பதியிறீங்க?”

வரிசை மறுபடி சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “கார்டெல்லாம் கிடையாதுக்கா. டிக்கெட் எடுத்தவன் ஏறுவான், நாங்க ஊத்துவோம்” என்றேன்.

“கார்டு இல்லாமலா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தக் கடையில் கார்டு இல்லாமல் தாசில்தாருக்குக்கூட ஒரு சொட்டு கிடைக்காது. வெளியூரிலிருந்து மாறி வந்து, கார்டு மாறாமல், மூன்று மாதம் விறகு ஊதிச் சமைத்த ஒரு வாத்தியார் குடும்பத்தை எனக்கே தெரியும்.

அளவையை மறுபடி எடுத்தார். “கடைசிச் சொட்டுக்கு நிப்பியா?”

“குழாயில பூட்டு இருக்குக்கா, சொட்டே விழாது. ஊத்துறதுக்கு முன்னாடி கண்ணாடி ஜாடியில கொஞ்சம் புடிச்சுத் தண்ணி கலந்திருக்கான்னு பார்ப்போம்.”

“தண்ணி கலக்காம ஊத்துற. அதாவது செய்யிறியே” என்றார். இன்றுவரை என் வேலைக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அதுதான்.

நான் வளைகுடாவுக்குத் திரும்புவதற்கு முன் அவர் வீட்டுக்கு ஒரு சோப்புக் கட்டி கொடுக்கப் போனேன். அடுப்படியில் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. அவர் மேலே கையைக் காட்டினார். அடுப்புக்கு நேர் மேலே சுவரும் கூரையும் கருகருவென்று இருந்தன.

“மாசம் அஞ்சு லிட்டர் எரிச்சதுக்கே இப்படி. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிக்கிறேன். நீ ஊத்துறது எரிஞ்சு எங்க போய் ஒட்டும்?”

“அது மேலேயே நிக்கும் அக்கா. அங்க யாரு வெள்ளையடிக்கப் போறா” என்றேன்.

ஜோக்காகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “அதான் கேக்குறேன். யாரு அடிக்கிறது?”

என் பயம் அன்று தொடங்கியது.

அடுத்த விடுமுறையில் வந்தபோது புனலக்கா எனக்கு ஒரு கார்டு போட்டு வைத்திருந்தார். காலாவதியான பழைய ரேஷன் கார்டு. என் பெயரை எழுதி, மாதக் கட்டங்களில் ‘அரிசி’, ‘சீனி’ என்று இருந்ததை அடித்துவிட்டு ‘வானம்’ என்று எழுதியிருந்தார். வருஷத்துக்கு ஒரு போக்கு, ஒரு வரவு. வந்ததற்கு ஒரு கோடு போட்டுக் கையில் கொடுத்தார். ரேஷன் கடையில் பேனாவால் போடுகிற அதே கோணல் கோடு.

விளையாட்டாக ஆரம்பித்தது தெருவுக்கே வழக்கமாகிவிட்டது. ஏஜெண்டைப் பார், போட்டோ எடு, கோயிலுக்குப் போ, அப்புறம் புனலக்காவிடம் கோடு வாங்கு. வேன் அவர் வீட்டு வாசலில் நின்று போகும். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுவதற்கு முன்பே இவர் கோடு விழுந்துவிடும். எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் கார்டை நீட்டினார்கள். ஆனால் நீட்டினார்கள்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ‘போயிட்டு வரேன்’ என்ற வார்த்தையில். எங்கள் பக்கம் யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. சாவுக்குத்தான் அந்த வார்த்தை. எதிர்க்கடையில் காப்பித்தூள் வாங்கப் போனாலும் ‘போயிட்டு வரேன்’தான். புனலக்காவின் வாசலில் அப்படிச் சொன்னால் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்பார்: “போயிட்டு வரேன்னா ரெண்டு கோடு. யோசிச்சுச் சொல்லு.”

ஒருமுறை பக்கத்துத் தெருப் பையன் கிளம்பினான். கோடு போட வந்தவனிடம், “போறேன்னு மட்டும் சொல்லு, பாதி எண்ணெய் மிச்சம்” என்றார். பையன் சிரித்தான். அவன் அம்மா சிரிக்கவில்லை. “பெத்த பிள்ளை வெளியூர் கிளம்புறப்ப சொல்ற வார்த்தையாடி இது” என்று கேட்டுவிட்டு வேனில் ஏறினவர், அதற்கப்புறம் ஒரு வருஷம் அவர் கையால் எண்ணெய் வாங்கவில்லை. புருஷனை அனுப்புவார். புனலக்கா அந்தக் கேனில் வழக்கத்தைவிட ஒரு சொட்டு அதிகம் காத்திருந்து ஊற்றுவார். அதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு.

இதற்கு நடுவே நான் வேலை பார்த்த விமான நிலையம் வளர்ந்துகொண்டிருந்தது. நான் சேர்ந்தபோது ஒரு ஓடுபாதை. விமானங்கள் களைத்த மாடு மாதிரி நிதானமாக வந்து நிற்கும். எண்ணெய் காட்டி அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கலாம். பிறகு இரண்டாவது ஓடுபாதை வந்தது. நான் கிளம்பும்போது மூன்றாவதுக்குக் கடலில் மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். டீ ஆறிப்போகும். திருச்சியிலும் அப்படித்தான். முன்பெல்லாம் வேன்காரர் நாள் பார்த்துச் சொல்வார்; அப்புறம் நாள் பார்க்க வேண்டியிருக்கவில்லை, தினமும் இருந்தது. டிக்கெட் மலிந்தது. அக்கா பையன் காதுகுத்துக்கு வெள்ளிக்கிழமை பறந்து வந்து, கறிசோறு சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை பறந்துபோன ஒருவர் கார்டை நீட்டியபோது புனலக்கா சொன்னது ஊரில் ரொம்ப நாள் ஓடியது: “கறி கால் கிலோ. கிருஷ்ணாயில் ஒரு பேரல்.”

வானிலை கோணலாகும்போதெல்லாம் அவர் என்னைப் பார்ப்பார். ஆனியில் ஆறு வறண்டு கிடந்து குறுவை போடாமல் போன வருஷம், விடுமுறையில் வந்த என்னைப் பார்த்ததும் கேட்டார்: “உன் எண்ணெய் ஊர் வந்து சேர்ந்துடுச்சு போலிருக்கே தம்பி.” அடுத்த தடவை, அறுப்புக்கு நிற்கிற சம்பாவில் தை மாதம் மழை கொட்டியபோதும் அதே வார்த்தை. கோபமே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் மாடு உங்கள் வேலியில் வாய் வைத்தால், அவரைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே சொல்வோமே, அந்த மாதிரி.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் உதறல். தார் கொதிக்கிற மத்தியானத்தில் இறக்கையின் கீழ் நின்று குழாயை மாட்டுவேன். குழாயின் இந்த முனையில் நான், அந்த முனையில் அக்காவின் மூன்று மா. விடுமுறையில் வந்தால் மொட்டை மாடியில் ஏறி வானத்தைப் பார்ப்பேன். வடக்கே ஒரு மேகம் திரண்டால் அது போன செவ்வாய்க்கிழமை நான் ஊற்றியதோ என்று தோன்றும். பத்திரிகையில் வெப்பம் கூடுகிறது, கடல் ஏறுகிறது என்று ஏதாவது வந்தால், என் பெயர் போட்டிருக்கிறதா என்று கடைசி வரி வரை படிப்பேன்.

என் மனைவி ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்: “மேட்டூர் தெறக்காததுக்கு ஊர்ல எல்லாரும் யார் யாரையோ திட்டுறாங்க. உங்களை ஒருத்தரும் திட்டலை. நீங்களா ஏன் போய் அந்த வரிசையில நிக்கிறீங்க?”

பதினோரு வருஷம் கழித்து வேலையை விட்டேன். மனசாட்சி என்று சொல்ல ஆசைதான். முதுகு.

ஊருக்கு வந்த பிறகுதான் புனலக்காவை அருகில் பார்க்க வாய்த்தது. காரணம் என் வீட்டுத் தொலைபேசி. தெருவில் எங்கள் வீட்டில் மட்டும் இருந்தது. மற்றவர்கள் அதை பி.பி. நம்பர் என்று எழுதிக் கொடுத்து, அழைப்பு வந்தால் நாங்கள் ஓடிப்போய்க் கூப்பிடுவோம். புனலக்காவின் மகள் கல்யாணமாகி சிங்கப்பூரில் இருந்தாள். மருமகன் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போய் அந்த நாட்டுக் குடிமக்களாகவே ஆகிவிட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை முடிந்து, கையில் எண்ணெய் வாசனையோடு புனலக்கா எங்கள் கூடத்தில் வந்து உட்காருவார். மணி அடிக்கும்.

“கிறிஸ்மஸுக்கு வர்றேம்மா.”

“போன வருஷம்தானே வந்த. கோடு போட்டாச்சு.”

மகளுக்கும் கார்டு இருந்தது. ஊருக்கு ஒரு நியாயம், தன் வீட்டுக்கு ஒரு நியாயம் என்பது அவரிடம் கிடையாது. இன்னும் சொன்னால், தன் வீட்டுக்கு அளவையில் கொஞ்சம் குறைத்தே ஊற்றினார். மகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு வரவுதான். மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வரட்டுமா என்று கேட்டாள், வேண்டாம். தம்பி முறைக்காரன் கல்யாணத்துக்கு வரட்டுமா. வேண்டாம், போட்டோ அனுப்புறேன். ஒவ்வொரு ‘வேண்டாம்’ சொல்லும்போதும் புனலக்காவின் இடது கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருக்கும். மகள் போனை வைத்த பிறகும் இவர் வைக்க மாட்டார். அந்தப் பக்கம் அறுந்து கொய்ங் என்று சத்தம் வரும். அதையும் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசிச் சொட்டு.

அப்புறம் மகள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதில் எங்கள் ஊரில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் வித்தியாசம் இல்லை. ஏழாம் மாதம் வளையல் போட்டுக்கொண்டு அவள் கிளம்பி வருவதாக ஏற்பாடு. புனலக்கா அதற்கு மட்டும் ஒரு கட்டத்தை முன்கூட்டியே காலியாக வைத்திருந்தார். அடுப்படிக்கு அந்த வருஷம் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தார்.

ஆறாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படுக்கையை விட்டு எழக்கூடாது, விமானம் என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“நீங்க வாங்கம்மா.”

புனலக்காவின் இடது கை சேலைத் தலைப்பைத் தேடியது.

“அம்மா, கேக்குதா?”

“கேக்குது. மாமியார் இருக்காங்கல்ல, நல்லாப் பார்த்துப்பாங்க. நான் மாதாவுக்கு...”

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. கூடத்தில் இருந்த எனக்கும் என் மனைவிக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. “அம்மா, நான் உங்க க்யூவுல நிக்கிறவ இல்ல. உங்க மக.”

போன் அறுந்தது. அன்று கொய்ங் சத்தத்தை அவர் எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. என் மனைவிதான் போய் ரிசீவரைக் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

நான் வழக்கம்போல ஜோக்கோடு உள்ளே நுழைந்தேன். “அக்கா, அந்த விமானம் நீங்க ஏறினாலும் போகும், ஏறாட்டியும் போகும். உங்களுக்காகவா அது கிளம்புது?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இருவது வருஷமா இதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன் தம்பி. ஒரு லிட்டர் கூட ஊத்துக்கா, நான் வாங்காட்டி வேற எவனோ வாங்கத்தானே போறான்னு. க்யூவுல ஒவ்வொருத்தனும் அதைத்தான் சொல்வான். ஒவ்வொருத்தனுக்கும் ஊத்தியிருந்தா பேரல் என்னாவும்?”

“கப்பல் இல்லையா?” என்றார் பிறகு.

“அது நின்னு போய் எத்தனையோ வருஷமாச்சுக்கா.”

மூன்று நாள் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நாலாம் நாள் என் வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட் எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அந்த வருஷம்தான் வேலையிலிருந்து ஓய்வும் வந்தது. மகளுக்கு அவரே போன் போட்டார். “வர்றேன்” என்று ஒரே வார்த்தை. அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். இந்த முறை ரிசீவரை இவர் முதலில் வைத்தார், அவசரமாக. கன்னத்தைத் துடைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

டிக்கெட் எடுக்க நான்தான் போனேன். “போக மட்டும்” என்றார். மருமகன், அம்மா எத்தனை காலம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அரசாங்கத் தாள் வாங்கி அனுப்பியிருந்தார். எனவே ஒருவழி டிக்கெட் செல்லும். ஆனாலும் நான் வாதாடினேன்.

“திரும்பி வர்றது?”

“அவளை அத்தனை தடவை வராதேன்னு நிறுத்தி வெச்சேன். இப்ப நான் மட்டும் போய் வந்துகிட்டு இருக்கட்டுமா? அங்கேயே இருந்து பிள்ளையைப் பாத்துக்குறேன். ஒரு கோடு. அதுக்கு மேல எனக்குக் கிடையாது.”

மூன்று மாவை என் பொறுப்பில் விட்டார். விவசாயம் எனக்குத் தெரியாது என்றேன். “எண்ணெய் ஊத்தத் தெரிஞ்சுதுல்ல. தண்ணி விடவும் தெரியும்” என்றார்.

திருச்சிக்கு வேனில் பதினெட்டுப் பேர் போனோம். ஒரு வருஷம் கோபித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவும் வந்திருந்தார். உள்ளே நுழையும் இடத்தில் புனலக்கா பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். அவர் பெயர் எழுதிய கார்டு. கட்டங்கள் அத்தனையும் காலி. பேனாவை என்னிடம் கொடுத்தார். நான் கோடு போட்டேன். அது அவருடைய கோட்டைவிடக் கோணலாக வந்தது.

பிறகு எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தெளிவாக, சத்தமாகச் சொன்னார்: “போறேன்.”

“அக்கா, போயிட்டு வரேன்னு சொல்லுங்க அக்கா” என்று அந்த அம்மாதான் முதலில் அழுதார். புனலக்கா அவர் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும் வழியில் யாரும் புரோட்டா சாப்பிடவில்லை. நான் மட்டும் சாப்பிட்டேன். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். புனலக்கா சொன்னபடியே அதற்கப்புறம் வரவில்லை. ஏழெட்டு வருஷம் கழித்து அங்கேயே காலமானார். உடம்பை ஊருக்குக் கொண்டுவரலாமா என்று மகளிடம் கேட்டேன். “வேண்டாம்னு அம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க அண்ணே. ஒரு கோடுதானாம்” என்றாள். என் கார்டில் காலிக் கட்டங்கள் இருந்தன; நான் போயிருக்கலாம். போகவில்லை. பாதி, அவர் திட்டுவார் என்று. மீதிப் பாதி என்னவென்று உங்களுக்கே தெரியும், அந்த இரும்பு எப்படி மேலே நிற்கிறது என்று இன்னும் யாரும் எனக்கு விளக்கவில்லை.

ஆனால் அவர் என்றதும் எனக்கு நினைவு வருவது அந்தச் சாவுச் செய்தி இல்லை. அவர் சிங்கப்பூர் போன இரண்டாவது வருஷம், தை மாதம். சம்பா முற்றி அறுப்புக்கு நாள் பார்த்திருந்தேன். வாழ்க்கையில் நான் விளைவித்த முதல் நல்ல நெல். பார்க்கிறவர்களிடமெல்லாம் கதிரைக் காட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் விடாமல் மழை. பொங்கல் முடிந்த பிறகு எங்கள் ஊரில் மழைக்கு வேலையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவரிடமிருந்து போன் வந்தது.

“என்ன தம்பி, வயல் எப்படி?”

“நெல்லு கொஞ்சம் படுத்து ரெஸ்ட் எடுக்குதுக்கா” என்றேன்.

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ தட்டிக்கொண்டிருந்தது.

“முளை விட்டுடுச்சா?”

“இன்னும் இல்ல. தண்ணியை வடிய விட்டா தப்பிச்சிடும்.” கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று அவருடைய வார்த்தையையே நான் எடுத்துக்கொண்டேன். “என் எண்ணெய்தான்க்கா. கரெக்டா அட்ரஸ் கேட்டு வந்துடுச்சு.”

“இல்ல தம்பி” என்றார் புனலக்கா. “இது உன்னுது இல்ல. நான் போனப்ப எரிஞ்சது. என்னுது.”

எனக்கு வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. “அக்கா, நீங்க போனது ஒரே ஒரு தடவை. மகளுக்கு முடியாதப்ப. அது கணக்குலயே வராது. ஒரு சொட்டு.”

“சொட்டுக்குத்தானே தம்பி நான் அத்தனை வருஷம் நின்னேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். பேரனை ஏதோ அதட்டினார். மருமகன் நலம், மகள் மறுபடி வேலைக்குப் போகிறாள், இங்கே கிருஷ்ணாயில் வாசனையே கிடையாது, அதுதான் கொஞ்சம் கஷ்டம் என்றார். போனை வைத்தார். நான் கொய்ங் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து என் மனைவி, “மம்புட்டியை எடுத்து வாசல்ல வெச்சிருக்கேன்” என்றாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. வயலின் தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டிவிட்டேன். தண்ணீர் முதலில் வேகமாகப் போனது, பிறகு மெல்ல, பிறகு விரல் தடிமன். போதும் வா என்று பக்கத்து வயல்காரர் கூப்பிட்டார். அவர் தன் வயலை வடித்து முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வெட்டின இடத்தையே பார்த்தபடி நின்றேன். விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது. இன்னொன்று திரண்டது. பின்னாலிருந்து சத்தம் போட வரிசையில் யாரும் இல்லை.